இந்தக் கணினியைப் பற்றி

பாண்டியிலிருந்து வந்த பேருந்தை
ஆல்பேட்டையில் நிறுத்தி
என் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வேறு.
பாட்டிலுக்குப் பழகிய கை
அட்டைப்பெட்டியைத் தடவி ஏமாந்தது.
"என்னம்மா இது?"
"மதர்போர்டு சார்."
முகர்ந்து பார்த்தார், சத்தியமாக முகர்ந்தார்,
போ என்றார்.

கடத்தல் சரக்கு அப்போது என்னிடம் இல்லை.
அது அன்று இரவு
பதினொன்றுக்குமேல் சிக்னல் தெளிந்தபிறகு
செல்போன் வழியாக வந்தது,
பன்னிரண்டு ஜிபி,
பெண்ணையாற்றுப் பாலத்தை மிதிக்காமலே.

மஞ்சக்குப்பத்தில் மாடியறை.
கீழே ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடை.
மேலே நான், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள்.
"மேக்குல பண்ணுவீங்களா?"
கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் எடுக்கிறார்கள்.
நாற்பது கல்யாணம் வெட்டினால்
ஒரு மேக்.
அந்த நாற்பதை எதில் வெட்டுவது?

ஓ.டி.யிலிருந்து ஸ்கூட்டியில் தௌலத் வந்தாள்.
ஒப்பந்தத்தை உருட்டினோம்.
எங்கள் பெயர் பொறித்த பெட்டியில் மட்டுமே
இது குடியேறலாம் என்றிருந்தது
தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு வரியில்.
தௌலத் கீழே போய்
தள்ளுவண்டியில் ஒரு ஆப்பிள் வாங்கிவந்தாள்.
தோலில் இருந்த நாலு இலக்க ஸ்டிக்கரை
நகத்தால் உரித்துப்
பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.
"பேர் பொறிச்சாச்சு."
பழத்தை ஆளுக்குப் பாதி தின்றோம்.
மாவாக இருந்தது.

பிறகு மூன்று இரவு.
கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து
ஈசல்போல் எழும்பிப் பாதியில் விழும்.
அது விடாமல் கேட்டது ஒன்றுதான்: நீ யார்.
ஒரு கோப்பில் எழுதினோம்,
நான் இன்ன மாதிரி, இன்ன வருடம்,
என் வரிசை எண் இது.
எல்லாம் பொய்.
ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பொய் செல்லாது.
உண்மைக்கு இவ்வளவு எழுத்துச் சுத்தம்
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான்காம் இரவு சாம்பல்நிற ஆப்பிள்.
அடியில் ஒரு கோடு
நகர்ந்து நகர்ந்து முழுதானது.
தௌலத் விசிலடித்தாள். தெருவில் நாய் குரைத்தது.

ஆனால் சத்தம் இல்லை.
ஏழு வாரம் ஊமைக் கல்யாணங்கள்.
நாயனக்காரர் கன்னம் உப்பும், வற்றும்.
கெட்டிமேளத்துக்கு விரலாட்டுகிறவர்
மீன்போல வாயைத் திறந்து மூடுவார்.
முடிச்சு விழும் நொடியை
ஒலிக்கோட்டின் மேட்டைப் பார்த்து வெட்டினேன்.
முடித்தபின் செல்போனில் ஓட்டிச் சரிபார்ப்பேன்.
புகார் ஒன்றும் வரவில்லை.

ஒரு விடிகாலை, தௌலத் அனுப்பிய
ஏதோ ஒரு துண்டுக் கோப்பைச் சேர்த்ததும்
அதன் தொண்டை திறந்தது.
முதலில் கேட்டது நாயனமல்ல.
புவனகிரிப் பெண்ணின் முகூர்த்தத்தில்
மைக்குக்கு மிக அருகில் யாரோ ஒரு அத்தை:
"ரசத்துல உப்பே இல்லடி."
சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.
அதை மட்டும் வெட்டவில்லை.

'இந்தக் கணினியைப் பற்றி' என்பதை அழுத்தினால்
சின்ன ஜன்னல் ஒன்று
கூச்சமே இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லும்.
நானும் இந்த அறைக்குள் வர
வீட்டுக்காரரிடம் ஒரு வரி சொன்னேன்:
அவர் மஸ்கட்டில் இருக்கிறார்.
தனிப் பெண்ணுக்கு அறை இல்லை என்பது
அந்த ஒப்பந்தம்.
அவர் மஸ்கட்டில் இல்லை.
நெய்வேலியில், வேறொருத்தியோடும் இல்லை,
சும்மா
நானில்லாமல் நன்றாக இருக்கிறார்.

ஒன்றாம் தேதி வாடகையை எண்ணிக்கொண்டே
"எப்பம்மா வராரு?"
அதே வாரம் திரையின் மூலையில்,
புதிய பதிப்பு தயார், இன்றிரவே ஏற்றவா?
ஏற்றினால் மறுபடி ஊமை,
இல்லை எழுந்தே வராது.
'நாளை நினைவூட்டு' என்பதை அழுத்துகிறேன்.
வீட்டுக்காரரிடம், தீபாவளிக்கு என்கிறேன்.

ஃபேன் காற்றில்
ஸ்டிக்கரின் ஒரு முனை எழும்பியிருக்கிறது.
எச்சில் தொட்டு அழுத்தினேன்.
நெல்லிக்குப்பம் கல்யாணத்தில் இன்னும்
நாற்பது நிமிடம் பாக்கி.