நூற்று எண்பத்தெட்டாம் இடம்

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெயர் மாற்றிப் பல வருடமாகிறது.
பஸ்ஸில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறோம்.

மகன் பிறந்த மூன்றாம் நாள்
மிஸ்ஸி நோர்லைலா அட்டையில் சிவப்பு முத்திரை குத்தினாள்.
வீட்டில் பாச்சை உருண்டை கூடாது.
எந்த மருந்துக்கும் முன்னால் இதைக் காட்ட வேண்டும்.
ஏதோ ஒரு நொதியாம்,
சர்க்கரை பிரிந்துபோகும் பக்கச் சந்தின்
வாசலில் நிற்பதாம்.
இவனிடம் அது குறைவு.

இரவு ஷிப்டு. செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடம்.
அமிலம் பார்க்கும் குடுவைகளுக்கு நடுவே
கைபேசியில் அதன் படத்தைத் திறந்தேன்.
எங்கோ யாரோ அதைப் படிகமாக்கி
எக்ஸ் கதிர் பாய்ச்சி
சிதறிய புள்ளிகளிலிருந்து
அணு அணுவாகக் கட்டியிருக்கிறார்கள்.
ரிப்பனாய்ச் சுருண்ட இரண்டு உருண்டைகள்,
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி.

படிகம் எனக்குப் புதிதல்ல.
விடிகாலைக் குளிரில்
மாதிரிப் போத்தலில் எண்ணெய் கலங்கி நிற்கும்.
உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்திருந்தால்
தெளிந்துவிடும்.

இது ஐந்நூற்றுப் பதினைந்து மணிகள் கோத்தது.
நூற்று எண்பத்தெட்டாம் இடத்தில்
சின்ன செரீன் இருக்க வேண்டும்.
சிலருக்கு அங்கே பெருத்த வேறொன்று,
மோட்டார் கூடையில் செம்பனைக் குலையைத் திணித்தாற்போல.
என் மகனுக்கு எந்த இடமென்று
அட்டையில் எழுதவில்லை.

வேலை நடக்கும் பள்ளத்திலிருந்து தள்ளி
ஒரு சிறு மூலக்கூறு செருகியிருந்தது.
அது எதையும் உடைப்பதில்லை, எதையும் கட்டுவதில்லை.
உருவினால் மொத்தமும் தொய்ந்துவிடுமாம்.

சிவப்பணுவுக்குப் புதிதாய்ச் சமைக்க வழியில்லை.
வரும்போது கொண்டுவந்த கட்டுச்சோறுதான்
நூற்றிருபது நாளைக்கும்.

வீட்டுக்கு வந்தபோது தனேஸ்வரி தூங்கியிருக்கவில்லை.
மிஸ்ஸி சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துவைத்திருந்தாள்:
ஆண் பிள்ளைக்கு இது தாய்வழி.
"என்கிட்டேருந்துதானே?"
பதில் இல்லாமல் படத்தை நீட்டினேன்.
விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அழகாத்தான் இருக்கு" என்றாள்,
கோபமாக.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு வேதவல்லி அக்கா
தன் பையன் போட்ட சட்டைகளையெல்லாம்
துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்.
அவருக்கு முன்னால் அந்த வாசனை வந்துவிட்டது.
பையை வாங்கவும் முடியாமல்
வேண்டாமென்று சொல்லவும் வாய் வராமல்
கதவு இடுக்கில் நின்றேன்,
உடம்பைச் செருகிக்கொண்டு,
வேறெதுவும் செய்யாமல்.

அக்கா செருப்பைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.