கீழே எவருமில்லை

ஆனேக்கல் தாண்டி, நாற்பத்திரண்டு வீட்டு லேஅவுட் ஒன்று.
அவர்களுக்கென்று ஓர் ஏரி.
ஏரி என்று அவர்கள்தான் சொல்கிறார்கள்.
ஓடையின் குறுக்கே போட்ட செம்மண் கரை,
இருபத்திரண்டு அடி உயரம்,
அன்னக் கழுத்து வைத்த எட்டு மிதிபடகு.
ஒன்றுக்குக் கழுத்து ஒடிந்திருக்கிறது.

இன்ஷூரன்ஸ்காரன் ஒரு காகிதம் கேட்கிறானாம்.
"ஒரு மணி நேர வேலைதான் மேடம்,
நல்லா இருக்குன்னு எழுதினா போதும்"
என்றார் செயலாளர் தேவய்யா.

கரைமேல் நடந்தேன்.
நடுவில் ஒரு சாண் தணிந்திருக்கிறது,
யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த மெத்தை போல.
அழகுக்கு நட்ட சில்வர் ஓக் பதினொன்று,
பார்வையை மறைத்ததென்று வெட்டியவை இரண்டு.
நிற்கும் மரத்தைவிட வெட்டிய மரத்துக்கே பயப்படுவேன்:
வேர் அழுகிய இடமெல்லாம் குழாய்.
பெருச்சாளி வளைக்குள் அளவுகோலை விட்டேன்,
முழுசாகப் போனது,
இன்னும் இடமிருந்தது.

கலங்கலின் வாயில் நைலான் வலை,
கெண்டை தப்பிவிடாமலிருக்க.
வலை நிறைய இலை, சிப்ஸ் உறை,
ஒற்றை ரப்பர் செருப்பு.
மதகின் திருகு மூன்று வருடமாகத் திரும்பவில்லை.

பின்புறம் இறங்கினால், அடிக்காலில்
ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் அதிகப் பச்சையாய்ப் புல்.
காவல்காரன் ஹனுமேஷ், ராய்ச்சூர்ப் பக்கம்,
அங்கேதான் தட்டு கழுவுகிறான்.
"நல்ல தண்ணி, ராத்திரி பகலா நிக்கறதே இல்ல"
என்றான் கன்னடத்தில், ஏதோ தானே தோண்டிய ஊற்று போல.

தெளிவாய்க் கசிந்தால் கரை வியர்க்கிறது.
கலங்கிக் கசிந்தால்
கரை கரைகிறது.
கண்ணுக்குத் தெளிவுதான்.
இருந்தாலும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

பழைய அறிக்கையைக் காட்டினார்கள்.
கீழே வசிப்போர்: எவருமில்லை.
கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக.

ஓடை வழியே முந்நூறு அடி போனேன்.
தகரக் கொட்டகைகள். கட்டட வேலைக்கு வந்தவர்கள்.
மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து
ஆதார் எடுக்கவா என்று இந்தியில் கேட்டாள்.
இல்லை, எண்ண வந்தேன் என்றேன்.
பத்தொன்பது.
சேலைத் தொட்டில்களைத் தனியே எண்ணவில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சனி இரவு, அல்சூர் வீட்டில், மழை.
பத்தரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள்
ஃப்ரிட்ஜ் மேலிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.
அடியில் ஒரு நகக்கனம், சிவப்பு.

தேவய்யா மூன்றாவது அழைப்பில் எடுத்தார்.
நாளை பேத்தி பிறந்தநாள், படகெல்லாம் பலூன் கட்டியாச்சு,
திங்கள் பேசலாமே.

ஹனுமேஷை அழைத்தேன்.
முதலில் கொட்டகைகளை எழுப்பு,
எல்லாரும் மேட்டு ரோட்டுக்கு.
பிறகு வலையை அறு.
"மீனெல்லாம் போயிடும் மேடம்."
போகட்டும்.
"ஐயா திட்டுவார்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அரை மணி கழித்து அவனே அழைத்தான்.
போனைச் சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும்,
மழைதான் கேட்டது, அவன் மூச்சு, ஏதோ கெட்ட வார்த்தை,
அப்புறம்
தொண்டையில் சிக்கியது விடுபட்டாற்போல்
தண்ணீர்.

காலையில் கரை நின்றிருந்தது.
நின்றதாலேயே என்னை யாரும் நம்பவில்லை.
சும்மா பயமுறுத்திவிட்டாள் என்கிறார்கள்.
கலங்கலில் புது வலை, இந்த முறை கம்பியில்.

அன்று பத்தொன்பது அடுப்பிலும் கெண்டை வெந்ததாம்.
அதன் விலையை
ஹனுமேஷ் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்,
ஒன்பது தவணையாக.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
வேறொருவர் போட்டுவிட்டதாகக் கேள்வி.