உள்சாரம்

நனைந்து இறுகிய கயிறு
வெயில் ஏறினால் நெகிழும்.
தேசிங்குக்குத் தெரியாததல்ல.
தடா தாண்டி, புதுத் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியிலிருந்து
சவுக்குக் கழியோடு சேர்ந்து வந்து விழுந்தார்.
கழி முறியவில்லை.

நான் ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம்
ஐஸ் கம்பெனி ஷெட்டில்
கணவாய் அறுத்துக்கொண்டிருந்தேன்.
மை தோய்ந்த விரலால்தான் போனை எடுத்தேன்.
பச்சைப் பொத்தானில் இன்னும் அந்தக் கறை.

"எமுக," என்றார் நர்ஸ் மஸ்தானம்மா
எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்து.
"எலும்பு," என்றேன்.
சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன;
இந்தச் சொல் மட்டும்
சட்டை மாற்றிக்கொண்டு நிற்காமல் போகிறது.

முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு பொடிப்பொடி.
இடுப்பிலிருந்து வெட்டி வைத்தால் போதாது
என்றார் டாக்டர் ப்ரசூனா.
வேறொன்று இருக்கிறது, புதுசு, இன்னும் சோதனையில்தான்.
காசு வேண்டாம். கையெழுத்து வேண்டும்.
குப்பியைத் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார்.
வெள்ளை. கட்டைவிரல் அளவு. கனமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
ஆஸ்பத்திரியில், அந்த நேரத்தில்.
ஒரு நாளைக்கு நாலு கூடை எறிகிறேன் இதை.
கிளி வளர்ப்பவர்கள் கேட்டால் சும்மா கொடுப்போம்.
நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று பேர் வைத்து
காதுச் சீழுக்கு விற்பார்கள்.
"கணவாய் ஓடு."
"ஆமாம். ஆனால் சமைத்தது."
சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து
அதன் சுண்ணாம்பை எலும்பின் உப்பாக மாற்றினார்களாம்.
அறைகளை மட்டும் தொடவில்லையாம்.

அறைகள்.
கத்தி முனையால் கீறிப் பார்த்திருக்கிறேன்
சும்மா இருந்த மத்தியானங்களில்.
தட்டு மேல் தட்டு, நடுவே நெளிநெளியாய்த் தூண்கள்.
எந்தக் கொத்தனாரும் அவ்வளவு மெலிசாய்த் தளம் போட்டதில்லை.
காற்றை வைத்துக்கொண்டு கணவாய் மேலே வரும்,
நீரை உள்ளே விட்டுக்கொண்டு கீழே போகும்.
நான் உருவி எறிந்ததெல்லாம்
அதன் கணக்கு நோட்டு.

"இது எலும்பு இல்லை," என்றார் டாக்டர்.
"எலும்பு ஏறி வர ஒரு சாரம்."

சுவரைப் பார்த்துக் கிடந்தவர் திரும்பினார்.
"சாரமா? எத்தனை நாளைக்கு?"
"உங்க எலும்பு வளர வளர அது கரையும்."
"வேலை முடியறதுக்கு முன்னாடி பிரிஞ்சிட்டா?"
"முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.
அதைத்தான் சோதிக்கிறோம்."
"கழிய உருவினா சுவத்துல ஓட்டை நிக்கும்.
யாரு பூசுறது?"
டாக்டர் பேனா மூடியைக் கடித்தார்.
"நீங்களேதான்."

பதினெட்டு வருஷம்
ஊரான் கட்டிடத்துக்குச் சாரம் கட்டியவர்
தெலுங்கில் அடித்த காகிதத்தில்
பெருவிரல் வைத்தார்.

மூன்றாம் மாதப் படத்தில்
அந்த வெள்ளை தனியாகத் தெரிந்தது,
வேற்றூர் ஆள் கல்யாணத்தில் நிற்பதுபோல.
ஏழாம் மாதம் ஓரம் கலங்கியது.
பதினோராம் மாதம்
எது கணவாய், எது உங்க வீட்டுக்காரர்
என்று சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர்,
சந்தோஷமாகத்தான் சொன்னார்.
எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நடக்கிறார். இடது கால் அரை விரல் குட்டை.
அந்தக் கயிறு யார் வாங்கியது என்று
மேஸ்திரி கோட்டய்யா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.
நஷ்டஈடும் விசாரணையில் இருக்கிறது.
"மிதக்கும்போல இருக்குடி," என்று
அந்தக் காலைத் தட்டிக் காட்டுகிறார் சில ராத்திரி.
பொய். பழவேற்காட்டு ஏரியில் இறங்கினால்
எல்லாரையும்போல் முழுகுகிறார்.

ஷெட்டில் ஓட்டை உருவும்போது
என் கை ஒரு நொடி நிற்கிறது.
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
எறிகிறேன்.
கூடையில் விழும்போது
அதற்குச் சத்தமே இல்லை.