கேள்விக்குறிக்குக் கட்டம் இல்லை

லூயிஸ் தீவில் ஓர் இரவு
இருபது மணி நேரமாகத் தூங்காத பயிற்சி மருத்துவர்
தள்ளாடி வந்த மீனவர் ஒருவரைப் பார்த்துவிட்டுக்
கோப்பில் தட்டினார்:
குடி?

அவ்வளவுதான். ஒரு சொல்,
அதன் வாலில் தூண்டில் முள்போல் வளைந்த ஒரு குறி.
காலையில் வருகிறவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

காலையில் வந்தவர் கேட்கவில்லை.
இறால் கூடைகளைத் தூக்க நேரமாகிவிட்டதென்று
டோர்மட் மெக்கஸ்கில்
சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோடையில்
தீவின் கோப்புகளை இன்வர்னஸ் கணினியோடு இணைத்தோம்.
அங்கே உள்ளது இங்கே எங்கே போய் உட்காரும் என்று
கட்டத்தோடு கட்டம் பொருத்தியவள் நான்.
எங்கள் பக்கம் குடிக்கு இரண்டே விடை:
உண்டு. இல்லை.
மேலாளரைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை, மணி நாலரை.
"உண்டு என்றே போடு கட்ரியோனா,
எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே."
போட்டேன்.
ஒரு குறி விழுந்தால்
குடியா முழுகிவிடும்?

காற்று பலத்தால் படகு ரத்தாகும்.
கோப்பு ரத்தாவதில்லை.
டோர்மட் போய்ச் சேருமுன்
அது போய் உட்கார்ந்திருந்தது, எல்லா அறையிலும்.
காதில் இரைச்சல் என்றார். மருத்துவர் திரையைப் பார்த்தார்.
நடை கோணுகிறது என்றார். திரையைப் பார்த்தார்கள்.
ஒருவர் கோப்பிலிருந்து ஒருவர் நகலெடுத்து
ஒரே சொல் நான்கு சாட்சியாக நின்றது.

"வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, ஐயா.
தேவாலயத்தில் சங்கீதம் எடுத்துக்கொடுக்கிறவன் நான்."
அதையும் எழுதிக்கொண்டார்கள்:
நோயாளி மறுக்கிறார்.

மூன்றாம் வருடம்தான் ஸ்கேன்.
இடக் காதுக்கு உள்ளே, கோல்ஃப் பந்து அளவில்
யாரும் கேட்காத கேள்வி
வளர்ந்து கிடந்தது.

அறுத்தார்கள். பிழைத்தார்.
முகத்தில் ஒரு பாதி சிரிக்காது.
ஞாயிறுகளில் இப்போது
வேறொருவர் சங்கீதம் எடுத்துக்கொடுக்கிறார்.

திருத்தச் சொல்லி அவர் மனைவி எஃபி எழுதிய கடிதம்
சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது.
இல்லை என்று மாற்றினேன். ஒரு நொடி வேலை.
பதினெட்டு நாள் கழித்துக்
கண் மருத்துவமனையின் பழைய நகலிலிருந்து
தானாகத் திரும்பி வந்தது: உண்டு.
மறுபடி மாற்றினேன்.
கொடுக்க வழி வைத்தோம், ஏழு இடத்துக்கு.
திரும்ப வாங்க ஒன்றுகூட வைக்கவில்லை.

இப்போது திங்கள்தோறும் அவர் கோப்பைத் திறக்கிறேன்.
அதற்கு எனக்கு உரிமையில்லை.
திறந்தவர் பட்டியலில் என் பெயர் நீள்கிறது.

எஃபியின் கடிதத்தில் கடைசி வரி,
நீல மையில், அழுத்தி எழுதியது:
முதலில் இதை எழுதியது யார்?

பயிற்சி மருத்துவர் கேட்கத்தான் செய்தார், அம்மா.
எழுதியவள் நான்.

பதில் படிவத்தைத் திறந்தேன்.
காரணம் என்ற இடத்தில் இரண்டே விடை:
மனிதப் பிழை. கணினிப் பிழை.
சுட்டி இன்னும்
இரண்டுக்கும் நடுவில் துடித்துக்கொண்டிருக்கிறது.