இருபத்திரண்டு நிமிசம்

மாமாவின்ர பல்லு என்ர மடியில இருக்கு.
மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டும்
ஈரத்துணியில சுத்தி
மாஜரின் பேணிக்குள்ள.
நாளைக்கு விடிய கல்லடியில கலியாணம்.
பொம்பிளையின்ர தகப்பன்
வாயைப் பொத்திக்கொண்டு மணவறையில நிக்கேலாதாம்.
கிணத்தடி யன்னலில மறந்து வச்சிட்டுப் போனது அவர்,
கொண்டு போறது நான்.

பஸ் எனக்குச் சரிவராது.
முகமாலை தாண்ட முன்னம் வயித்தைப் பிரட்டும்.
ஆனபடியால் கோச்சி.
மாகோவில இறங்கி
மட்டக்களப்புக் கோச்சிக்கு மாற வேணும்.
இடையில இருபத்திரண்டு நிமிசம்.

ராமுழுக்க அந்த இருபத்திரண்டைக்
கரண்டு பில்லின்ர பின்பக்கத்தில பிரிச்சுப் பாத்தன்.
இறங்க ரண்டு.
மேம்பாலத்துக்கு நாலு,
முழங்கால் நோவோட எண்டால் ஆறு.
எந்த மேடை எண்டு கேக்க ஒண்டு,
சிங்களத்தில சொல்லுற மறுமொழியை விளங்க
இன்னும் ரண்டு.
மிச்சம் பதினொண்டு.
பதினொண்டுக்குள்ள
எத்தினை மாடு தண்டவாளத்தில படுக்கலாம்?
எத்தினை சிக்னல் சிவப்பாவே நிக்கலாம்?
மூண்டு மணிக்கு எழும்பிப் பேணியைத் திறந்து
பல்லு இருக்கோ எண்டு பாத்தன்.
இருந்தது.
சிரிச்சுது.

கோண்டாவிலில ஏறேக்க சரியான நேரம்.
அதுவே எனக்குப் பயமாக் கிடந்தது.
தொடக்கத்தில ஒழுங்கா இருக்கிறதுகள்
நடுவழியிலதான் கைவிடும்.

யாழ்ப்பாணத்தில மூண்டு நிமிசம் கூட நிண்டது.
மிச்சம் எட்டு.
நாவற்குழிப் பாலத்தில ஊர்ந்து போகேக்க
கடல்தண்ணி அசையாமல் கிடந்தது.
அதுக்கு ஒரு இடமும் போகத் தேவையில்லை.
முன்னுக்கு இருந்த மனிசி
"எங்க பிள்ளை போறியள்?" எண்டு கேட்டா.
"ஏழு" எண்டு சொல்லிப்போட்டன்.

கொடிகாமம்.
கோச்சி நிண்டது. நிண்டது. நிண்டுகொண்டே இருந்தது.
ஏறுறவை ஏறி, இறங்குறவை இறங்கி,
மேடையில ஒரு நாயும்
ரண்டு பிலாப்பழச் சாக்கும்தான் மிச்சம்.
கார்ட் பச்சைக்கொடியைச் சுருட்டிக்
கக்கத்தில இடுக்கிக்கொண்டு
எங்கேயோ பாத்தபடி நிக்கிறார்.
ஆறு.
அஞ்சு.
யன்னலால தலையை நீட்டினன்.
"என்னத்துக்கு நிக்குது?
எங்களுக்கு அங்கால வேற கோச்சி பிடிக்க வேண்டாமோ?"
என்ர குரல் எனக்கே பழக்கமில்லை.

கார்ட் திரும்பிப் பாக்கேல்லை.
கையால கடவையைக் காட்டினார்.
கடவைக்கு அங்கால ஒரு ஆள் ஓடி வாறார்.
ஒரு கையில பெரிய மண்ணிற உறை, எக்ஸ்ரே.
மற்றக் கையில அறுந்த செருப்பு.
அதை ஓட்டம் எண்டு சொல்லேலாது.
அம்பது வயசுக்கு முதல் ஓடவே வேண்டி வராத ஒருத்தர்
இண்டைக்குப் பழகிற மாதிரி.
நாலு.
மூ...
எண்ணுறதை எங்க விட்டன் எண்டு தெரியேல்லை.
"ஓடி வாங்கோ, நிக்கும், நிக்கும்" எண்டு கத்தினதும்
அதே குரல்தான்.

மாகோவில ஆரோ ஒருத்தர்
கொடியைக் கக்கத்தில இடுக்கி
மேம்பாலத்தைப் பாத்தபடி நிக்க வேணும் எண்டு
ராமுழுக்க நேர்ந்த வாய்,
இஞ்ச ஏன் நிக்குது எண்டு கேட்டிட்டுது.

அவர் பக்கத்தில வந்து இருந்தார்.
மூச்சு வரக் கனநேரம் பிடிச்சது.
உறை மடங்காமல் அதை நெஞ்சோட சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டு
"அக்கா, பத்து மணிக்குள்ள
அனுராதபுரம் போயிடுமோ?
டொக்டர் பேந்து இருக்கமாட்டாராம்."
"ஓம், வடிவாப் போயிடும்" எண்டன்,
கோச்சியை நானே ஓட்டுற ஆள் மாதிரி.
சீலையில குத்தின ஊசியைக் கழட்டிச்
செருப்பு வாருக்குக் குடுத்தன்.

மிருசுவில் போச்சுது. எழுதுமட்டுவாள் போச்சுது.
பில்லை நான் திருப்பி எடுக்கேல்லை.
பளைக்குக் கிட்டக் கோச்சி வேகம் பிடிக்க
மடியில பேணி கிடுகிடுவெண்டு நடுங்கினது,
பனிக்குளிரில ஆரோ பல்லுக் கடிக்கிற மாதிரி.
ரண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சன்.