எழுபத்தைந்துக்குக் கீழே

கார் என்னுடையது.
மூவாயிரத்து எண்ணூறு யூரோ,
லாந்திவிசியோவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம்
ரொக்கமாக எண்ணிக் கொடுத்தது.
இருக்கையில் அவர் நாயின் மயிர் இன்னும் ஒட்டியிருக்கிறது.
ஆனால் அடியில், தார்ச்சாலைக்கும் என் குதிகாலுக்கும் நடுவே
கிட்டத்தட்ட முந்நூறு கிலோ எடையில் படுத்திருக்கிறதே,
அது என்னுடையதல்ல.
அதற்கு மாதம் அறுபத்தொன்பது யூரோ.
ஐந்தாம் தேதி தப்பாது.

'அன்புள்ள திருமதி கெர்வெல்லா' என்று தொடங்கும்
பதின்மூன்று பக்க ஒப்பந்தம்.
பேட்டரியை விற்கக் கூடாது. திறக்கக் கூடாது.
காரைப் பழைய இரும்புக்குப் போடுவதென்றாலும்
அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான்.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் என் கட்சி:
கொள்ளளவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால்
இலவசமாக மாற்றித் தரப்படும்.

நான் வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவள்.
கத்தரிக்கோல், சாயக் கிண்ணம், மடக்கு நாற்காலி,
பின்னிருக்கையில் துண்டு மூட்டை.
புதிதில் நூற்றிருபது கிலோமீட்டர் ஓடியதாம்.
எனக்கு எண்பது.
டிசம்பரில், ஆரே மலைமேல் மழை பக்கவாட்டில் அடிக்கும்போது
ஐம்பத்திரண்டு.
ஹீட்டரைப் போட்டால் நாற்பத்தைந்து.
போடுவதில்லை.
இரண்டு காலுறை, மடியில் வெந்நீர்ப் பை,
கண்ணாடியில் படியும் என் மூச்சை
வாடிக்கையாளர் துண்டால் துடைத்தபடி ஓட்டுகிறேன்.
ரேடியோ அப்படி என்ன குடித்துவிடப் போகிறது?
இருந்தும் போடுவதில்லை.

கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள்.
ஆகட்டும்.
அதுவரைக்கும் முழுக் கழுதையின் வாடகையை
யார் கட்டுவது?

கொமானாவில் பன்றிப் பண்ணைக்காரி அசெனோரிடம் சொன்னேன்:
கூலியில் மூன்று யூரோ குறைத்துக்கொள், ஒரு பிளக் கொடு.
சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் முற்றத்துக்கு இறங்கியது.
கார் குடிக்க, ஹேர் டிரையர் ஊத,
அவள் கணவன் காபி இயந்திரத்தைத் தட்ட,
பட்டென்று வீடே இருண்டது.
தலை நிறைய அலுமினியத் தாளோடு
ஃபியூஸ் பெட்டியைத் தேடிப் போனாள் அசெனோர்,
டார்ச் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு.

நவம்பரிலேயே மோர்லே பட்டறையில் ஜில்தா
கருவியைச் செருகிப் பார்த்திருந்தான்.
எழுபத்தாறு.
அன்றிலிருந்து நான் வேண்டிக்கொண்டது ஒன்றே:
இன்னும் ஒரு சதவீதம் கெட்டுப்போ.
எப்போதும் முழுக்க ஏற்றி வை, சீக்கிரம் வதங்கும்
என்றார்கள்; வைத்தேன்.
வெயிலில் நிறுத்து என்றார்கள்.
இந்த ஊரில் எந்த வெயிலில்?
இஸ்திரிப் பட்டையால் முடியைக் கருக்காதே என்று
ஊரெல்லாம் புத்தி சொல்கிறவள்
இரவில் சன்னல் திரையை விலக்கி
முற்றத்து நோயாளியைப் பார்த்தேன்,
உயில் எழுதியாயிற்றா என்று கேட்கும்
தூரத்துச் சொந்தக்காரியைப் போல.

பிப்ரவரி. மறுபடி செருகினான்.
திரையை என் பக்கம் திருப்பினான், தான் சொல்லப் பிடிக்காமல்.
எழுபத்தைந்து.
'கீழே என்றால் கீழேதான், மதாம்' என்றான்.
காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு.
'வீடு போய்ச் சேர எவ்வளவு இருக்கிறது?'
'ஒன்பது கிலோமீட்டர்.'
'வீடு?'
'இருபத்தேழு.'
பட்டறைச் செலவிலேயே ஏற்றிக்கொள்ளச் சொன்னான்.
இரண்டு மணி நேரம்.
சும்மா உட்காரக் கை வரவில்லை.
அவன் பின்கழுத்து முடி காலருக்குள் இறங்கியிருந்தது.
மடக்கு நாற்காலியை டயர்களுக்கு நடுவே விரித்தேன்.

'எவ்வளவு குறைக்க?'
'ஒன்று போதும்' என்றான்.
இரண்டு பேருமே
கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தோம், கத்தரிக்கோலை விலக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கூட்டி அள்ளினேன். ஒரு பிடி செம்பட்டை முடி.
ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும்.

ரோக் த்ரெவெசெல் உச்சி தாண்டியதும்
காலை எடுத்துவிட்டேன்.
பனிமூட்டத்துக்குள் சரிந்து இறங்கியது கார்.
முள் இருபத்தொன்றிலிருந்து இருபத்திரண்டு,
வளைவில் இருபத்துமூன்று.
இறக்கம் கொடுத்த இந்த இரண்டுக்கு
எந்தப் பக்கத்திலும் வாடகை எழுதியிருக்கவில்லை.
ஹீட்டரைப் போட்டேன்,
அடிவாரம் வரும்வரைக்கும்.