எஃப் கொம்புக்கு எழுதியது

தாளின் தலையில் கொம்பு என்று எழுதி
அடித்துவிட்டு ஹார்ன், எஃப் என்று எழுதினேன்.
அந்த எஃப் எதற்கென்று கை நின்று கேட்டிருக்கலாம்.
பகலெல்லாம் ரப்பர் ஷீட்டுக்கு எடைச்சீட்டு போடும் கை,
கண்டதைக் கண்டபடி எழுதித்தான் பழக்கம்.

கிளாரினெட்டுக்கு ஒரு சுரம் ஏற்றி எழுதுவேன்,
ட்ரம்பெட்டுக்கும் அதே; தூக்கத்திலும் தவறாது.
இந்தச் சுருண்ட குழல் களியக்காவிளைக்குப் புதிது.
ஊத வந்தவள் பாறசாலை ஜெஸிந்தா,
தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள்.
எங்கே மூச்செடுப்பதென்று தெரியவேண்டுமே,
பாட்டின் வரிகளை மலையாள எழுத்தில்
சுரங்களின் கீழே இட்டுக் கொடுத்தேன்.
எழுத்து மாறியது, சத்தம் மாறவில்லை.

சத்தம் மாறுகிற காரியம்
அதற்கு மேல்வரியில் இருந்தது.
அந்தக் குழலுக்கு ஸ என்று எழுதினால்
கீழே கிடக்கும் ம கேட்கும்.
ஸ கேட்கவேண்டுமென்றால்
ப எழுத வேண்டும்.
மூன்று பிளாட் இரண்டாக வேண்டும்.
இதை நான் படித்தது
பெரிய வெள்ளிக்கு ஒன்பது நாள் முன்பு,
இரவு பதினொன்றரைக்கு,
மீன் லாரிகள் சந்தைக்குள் திரும்பும் நேரம்.

எனக்கும் காது இருக்கிறது.
இரண்டு மாதமாய் அவள் பக்கத்தில்தான் நின்று
தாளம் எண்ணினேன். பிழை கேட்கவில்லையே!
ஆனாலும் தாள் பிழை.
விடியும்வரை பதினொரு பக்கம்,
ஒவ்வொரு புள்ளியாய்த் தூக்கி
மேலே வைத்தேன்.

ஞாயிறு ஒத்திகையில்
வெட்கத்தோடு, ஒன்றும் சொல்லாமல்,
பழையதன்மேல் புதியதை வைத்தேன்.
அவள் குழலை உயர்த்தினாள்.
எழும்பியது பாருங்கள் ஒரு சத்தம்,
கன்றுக்குட்டி மச்சில் ஏறிக் கத்தியதுபோல.
ட்ரம் யேசுவடியான் குச்சியைக் கீழே போட்டார்.

சிவந்த முகத்தோடு தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அண்ணா, மாத்தி எழுதினீங்களா?"

முதல் நாளே கண்டிருக்கிறாள்.
நான் எழுதியதை மனசுக்குள் ஏற்றி ஏற்றி
இத்தனை நாளும் ஊதியிருக்கிறாள்.
இன்று நான் ஏற்றியதன்மேல்
அவளும் ஏற்றினாள்.

"பறயாண்டாம்னு வெச்சேன்" என்றாள்.
"உங்க கையெழுத்து நல்லாருக்கும், அண்ணா."
பழைய தாளே போதுமாம்,
அவளுடைய பென்சில் குறியெல்லாம்
அதில்தான் இருக்கிறதாம்.

ஒன்பதே காலுக்கு பஸ். இஞ்சிவிளை தாண்டும்முன்
பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி
கண்டக்டர் மலையாளத்தில் மல்லுக்கு நிற்பார்.
அவள் தமிழில் திருப்பிக் கொடுப்பாள்.

என் கையில் பதினொரு பக்கம்.
ஒரு புள்ளி பிசகில்லை.
பின்பக்கம் வெள்ளை;
நாளைக்கு
எடைச்சீட்டுக்கு ஆகும்.